ஆடிக்கு முதல் எடுத்த கார்

போன ஞாயிறு ஸ்காபரோக் கோயில் ஒன்றின் கார்த் தரிப்பிடத்தில் நின்றேன். புதுக் காரின் நான்கு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்து, ஐயர் தீபம் காட்டியதும் அந்தக் காரின் சொந்தக்காரி மெல்ல ஓட்டினாள். நசுங்கிய தேசிக்காயும் புதுச் சீற்றுத் தோலும் கலந்து மணத்தன. மற்றவர்களுக்கு அது மங்கலமான மணம். நான் அங்கேயே போனை எடுத்து பாங்க் கணக்கைப் பார்த்தேன். காசு இருந்தது.

பட்டம் முடித்த கோடையில் எனக்கு மிசிசாகாவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அம்மாவும் நானும் அப்போது ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில், பதினோராம் மாடியில் இருந்தோம். பஸ்ஸும் ரயிலும் மாறிப் போக இரண்டு மணித்தியாலம். பழைய ஜப்பான் கார் ஒன்று போதும் என்றுதான் நினைத்தேன். ஆனால் முந்தி அம்மாவோடு வேலை செய்த சாந்தி அன்ரியின் மூத்த மகள் ஒரு பார்ட்டிக்கு ஜேர்மன் காரில் வந்து இறங்கினாள். அதோடு என் மனமும் ஜேர்மனிக்குப் போய்விட்டது. அம்மாவை மட்டும் குறை சொன்னால் என் வாய் அழுகிப்போகும்.

“மூண்டு மாசம் ப்ரொபேஷன் அம்மா. அது முடியட்டும், எடுப்பம்.”

“அதுக்குள்ள ஆடி பிறந்திடும் பிள்ளை. ஆடிக்குள்ள ஆரும் கார் எடுப்பினமோ? டிகிரி முடிச்ச பிள்ளையை ஆர் நிப்பாட்டப் போகினம்?”

ஆவணியில் எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ஆவணி முதற்கிழமை சாந்தி அன்ரியின் சின்ன மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு. அதற்குப் பஸ்ஸில் போவதா? ஆனி கடைசியில், மூன்று வருடம் மாதக்காசு கட்டிப் பிறகு காரைத் திருப்பிக் கொடுக்கும் லீஸில் கையெழுத்து வைத்தேன்.

காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்தவளுக்கு, ஸ்காபரோ முகவரிக்கும் புது லைசன்ஸுக்கும் கார்க் காப்புறுதிக் காசு எவ்வளவு தீட்டுவார்கள் என்று தெரியாமல் போனதை என்ன சொல்ல. வாடகையில் என் பங்கை விட அது கூட. கூட வேலை செய்தவர்கள் மத்தியானம் சாப்பாட்டுக் கடைக்குக் கூப்பிட்டால், மெலிய டயற் இருக்கிறேன் என்றேன். பிறகு காருக்குள் இருந்து, சீற்றில் மணக்கக் கூடாதென்று கண்ணாடிகளை இறக்கிவிட்டுப் பாணும் சம்பலும் தின்றேன். மனேஜரின் ஈமெயில் வந்தால் திறக்கமுன்னமே அடுத்த லீஸ் காசுக்கு எத்தனை நாள் என்று எண்ணுவேன். வேலை போனால் கார் போகும், கார் போனால் அம்மா சனத்துக்கு முன்னால் எப்படி நிற்பார் என்பதே நினைப்பு.

வேலையில் சேர்ந்த பத்தாம் கிழமை என்னை நிப்பாட்டிவிட்டார்கள். சாமத்தியவீட்டுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. அம்மாவிடம் மூச்சு விடவில்லை. தினமும் காலையில் உடுத்திக்கொண்டு வெளிக்கிட்டு, பெற்றோலுக்குப் பயந்து பக்கத்து மோலின் தரிப்பிடத்திலேயே பின்னேரம்வரை இருந்தேன். சாமத்தியவீட்டுக்குக் காரில்தான் போய் இறங்கினோம். எல்லாரும் பார்த்தார்கள். திரும்பி வரும்போது தாங்கமுடியாமல் சொல்லிவிட்டேன்.

அம்மா கோபித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

“ஒருத்தருக்கும் சொல்லாதை. காரைத் திருப்பிக் குடுத்தா சனம் கதைக்கும். நான் பின்னேர வேலை ஒண்டு பாக்கிறன்.”

பகல் முழுக்கத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கியவர், அடுத்த கிழமையிலிருந்து பின்னேரங்களில் அலுவலகங்கள் துடைக்கப் போனார். அதுவரை பின்னேரமென்றால் அம்மா சோபாவில் கால் நீட்டியிருந்து சிநேகிதிகளுடன் போனில் கதைப்பார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பார். படிக்க விடுகிறாரில்லை என்று நான் கத்தியிருக்கிறேன். இப்போது போன் அடித்தால் நான் எடுத்து, “அம்மா குளிக்கிறா அன்ரி”, “அம்மா படுத்திட்டா அன்ரி” என்று பொய் சொன்னேன். மெல்ல மெல்ல அழைப்புகள் குறைந்தன.

எட்டு மாதத்தில் எனக்குச் சம்பளம் குறைந்த வேறொரு வேலை கிடைத்தாலும், லீஸ் முடியும்வரை அம்மா துடைத்தார். காரைத் திருப்பிக் கொடுத்த அடுத்த நாள்தான் அந்த வேலையை விட்டார். அன்று பின்னேரம் சோபாவில் இருந்து சாந்தி அன்ரிக்குப் போன் எடுத்தார். சுகம் கேட்டார், பிள்ளைகளைக் கேட்டார், இரண்டு நிமிடத்தில் வைத்துவிட்டார்.

“என்னம்மா, அதுக்குள்ள?”

“என்னத்தைக் கதைக்கிறது பிள்ளை. ஒண்டும் வருகுதில்லை.”