தாகத்தைச் சோதனை என்று நினைத்தேன்

முதலில் வந்தது தாகம். துபாயில், அதுவும் ஆகஸ்ட் மாதத்தில், ஒருவனுக்குத் தாகமெடுத்தால் யாரும் அதை நோய் என்று சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை. உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிக் குடம் குடமாகக் குடித்துக்கொண்டிருந்தால், வெயில்தானே என்று விட்டுவிடாதீர்கள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கோயம்புத்தூர்க்காரன். மோர்மன் என்று வெளியில் அறியப்படும் கிறிஸ்தவ சபையின் ஊழியனாக இரண்டு ஆண்டு சேவைக்கு அங்கே போயிருந்தேன். அப்போது எனக்கு வயது இருபது. எங்கள் வழக்கப்படி எல்லோரும் என்னை எல்டர், அதாவது மூப்பர், என்று அழைத்தார்கள். மீசைகூட ஒழுங்காக முளைக்காத மூப்பர்.

தெருவில் நின்று மதம் பேச அங்கே அனுமதி இல்லை. நாங்கள் பேசவும் இல்லை. ஜெபல் அலி துறைமுகக் கிடங்குகளில் வேலை செய்யும் சபை உறுப்பினர்களை அவர்களுடைய லீவு நாளில் போய்ப் பார்ப்பது, வீடு மாறுபவர்களுக்குச் சாமான் தூக்குவது, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவது என்று நாள் ஓடும். எங்கே போனாலும் இருவராகத்தான் போக வேண்டும். குளியலறை தவிர வேறெங்கும் துணைவனின் பார்வையை விட்டு விலகக் கூடாது. என் துணைவன் எல்டர் ரெயஸ் பிலிப்பைன்ஸ்காரன், என்னைவிட ஒரு வயது சிறியவன்.

தாகத்துக்குப் பின்னாலேயே மற்றவையும் வந்தன. மணிக்கொரு தடவை சிறுநீர். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. பெல்ட்டில் கத்தியால் புதிதாக ஓட்டை போட்டேன். மாடிப்படி ஏறினால் கால் கெஞ்சியது. டீயும் காபியும் எங்களுக்கு விலக்கு என்பதால், தாகத்துக்கு நான் குடித்தது மாம்பழ ஜூஸ். எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன், தெரியாமல்.

எங்கள் கட்டடத்துக்குக் கீழே மளிகைக்கடை வைத்திருந்தவர் கீழக்கரைக்காரர். அவர் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். நாங்களும் காதர் காக்கா என்போம். அவர்தான் முதலில் கேட்டார்.

“தம்பி, இது இன்னைக்கு நாலாவது பாட்டில். போய் சுகர் பாருங்க.”

“வெயில் காக்கா.”

“வெயில் எனக்கும்தான் அடிக்குது. நான் இப்படியா குடிக்கிறேன்? எங்க அக்கா மகனுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு.”

சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். உண்மையில் எனக்குப் பயம். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஏதாவது பெயர் வைப்பார்கள். பெயர் வைத்துவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஊரில் அப்பா இருந்தார். சபையில் சேர்ந்தது அம்மாவும் நானும்தான். அப்பாவுக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. கிளம்பும் நாளில் என் பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்துவிட்டு, “போறதுன்னு முடிவு பண்ணிட்டே. பாதியில ஓடி வந்துறாதே” என்று மட்டும் சொன்னார். பதினான்கு மாதங்களாக அந்த வாக்கியத்தோடுதான் நான் ஊழியம் செய்தேன்.

திங்கட்கிழமை தோறும் வீட்டுக்கு வீடியோவில் பேசலாம். “ஏன் சாமி இப்படி எளைச்சுப் போயிட்ட?” என்று அம்மா கேட்டபோது, பழியை ரெயஸின் சமையல் மீது போட்டேன். அடுத்த வாரத்திலிருந்து முகம் தெளிவாகத் தெரியாதபடி செல்போனைத் தள்ளி வைத்துக்கொண்டு பேசினேன். அங்கே ஊழியர்களுக்கெல்லாம் பொறுப்பான எங்கள் தலைவருக்கு வாராவாரம் அனுப்பும் கடிதத்திலும் நலமாக இருக்கிறேன் என்றே எழுதினேன்.

அப்படியே உபவாச நாள் வந்தது. மாதத்தின் முதல் வழிபாட்டு நாளில் நாங்கள் அடுத்தடுத்து இரண்டு வேளை சாப்பிட மாட்டோம். தண்ணீரும் குடிக்க மாட்டோம். நோயாளிகள் உபவாசம் இருக்க வேண்டாம் என்று சபையே சொல்கிறது. ஆனால் நான் நோயாளி என்று யாரிடமும் சொல்லவில்லையே. என்னிடமே நான் சொல்லிக்கொள்ளவில்லை.

காலை பத்து மணிக்குள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. குளியலறைக்குள் போய்க் குழாயில் வாயை வைத்துக் குடித்தேன். நிமிர்ந்தால், சரியாகச் சாத்தாத கதவிடுக்கில் ரெயஸ் நின்றுகொண்டிருந்தான். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

எனக்கு மானமே போய்விட்டது. ஒரு நாள்கூடத் தாகத்தை அடக்க முடியாதவன் என்ன ஊழியன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். இது சோதனை, நான் தோற்றுவிட்டேன், மறுபடியும் உபவாசம் இருந்து ஜெயிக்க வேண்டும் என்று தோன்றியது. அன்று மாலை உபவாசத்தை முடிக்க வேண்டிய நேரத்தில், இன்னொரு நாள் தொடரப்போகிறேன் என்று ரெயஸிடம் சொன்னேன். அவன் ஒரு கணம் தயங்கினான். பிறகு தலையாட்டினான்.

மறுநாள் மதியம் காதர் காக்கா கடைக்கு ரெயஸுக்கு ரொட்டி வாங்கப் போனோம். மூச்சு தானாக வேகமெடுத்து வாங்கியது. அவர் கடை வாசலிலேயே வாந்தி எடுத்து உட்கார்ந்துவிட்டேன். காக்கா ஓடி வந்து என் முகத்தருகே குனிந்தார்.

“யா அல்லாஹ், வாயில பழவாசம் அடிக்குது. ஆம்புலன்ஸைக் கூப்பிடு, ஜல்தி!” என்று கடைப் பையனைப் பார்த்துக் கத்தினார். அதுவரைதான் தெளிவாக நினைவிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் விரலைக் குத்திப் பார்த்தபோது மீட்டர் எண்ணே காட்டவில்லையாம். அளவுக்கு மேல் என்று மட்டும் காட்டியது. நோயின் பெயர் டைப் 1 நீரிழிவு (கணையம் இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிடும் வகை, இளம் வயதிலும் வரும்). அது முற்றி, கீட்டோ அசிடோசிஸில் (இன்சுலின் இல்லாததால் உடல் கொழுப்பை எரித்து, ரத்தம் அமிலமாகும் அபாய நிலை; வாயில் அடிக்கும் பழவாசம் அதன் அடையாளம்) கொண்டுவந்து விட்டிருந்தது.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் ரெயஸை விடவில்லை. பதினான்கு மாதங்களில் முதல் முறையாகத் தனியாக இருந்தேன். மணிக்கொரு தடவை விரலில் ஊசி. ஒவ்வொரு முறையும் நர்ஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு போவார். செத்துவிடுவேனோ என்று பயந்தேன். அதைவிட அதிகமாக, பிழைத்து ஊருக்குப் போக வேண்டியிருக்குமோ என்று பயந்தேன். இப்போது நினைத்தால் எனக்கே என் மீது கோபம் வருகிறது.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் ரெயஸ் வந்து அழுதான். “நீ குழாயில் குடித்ததைப் பார்த்தேன். உனக்கு அவமானமாக இருக்குமே என்றுதான் கேட்கவில்லை” என்றான். அவன் செய்தது நாகரிகம். அந்த நாகரிகத்தில் என் உயிர் போயிருக்கும். எங்கள் இருவர் கண்ணுக்கும் நான் தண்ணீர் குடித்தது பாவமாகத்தான் தெரிந்தது.

என்னைப் பார்த்த டாக்டர் திருச்சிக்காரப் பெண்மணி. மூன்றாம் நாள் அவரிடம் மெல்லக் கேட்டேன். “டாக்டர், எங்க தலைவருக்கு நீங்க தர்ற ரிப்போர்ட்டைக் கொஞ்சம் லேசா எழுத முடியுமா?”

அவர் பேனாவை மூடிவிட்டார். “இன்னும் அரை நாள் விட்டிருந்தா உங்கம்மாவுக்கு நீங்க பெட்டியிலதான் போயிருப்பீங்க. இதை எப்படி லேசா எழுதறது? யாருக்குப் பயப்படறீங்க?”

“அப்பாவுக்கு.”

“அப்ப முதல்ல அவருக்குப் போன் போடுங்க. ரிப்போர்ட் அப்புறம்.”

போட்டேன். உபவாசம், குழாய், கதவிடுக்கு, எல்லாவற்றையும் சொன்னேன். சபையைத் திட்டுவார், என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“ஏஞ்சாமி,” என்றார். குரல் உடைந்திருந்தது. “தண்ணி தவிக்குதுன்னு ஒருத்தருகிட்டயாச்சும் சொல்லோணும்னு உனக்குத் தோணலையா?”

அழுதேன்.

உள்ளதை உள்ளபடி எழுதிய ரிப்போர்ட்டை நானே தலைவர் கையில் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து, பத்து மாதம் பாக்கி இருக்கும்போதே, ஊருக்கு அனுப்பப்பட்டேன். வருத்தமில்லை என்றால் அது பொய்.

இப்போது ஒரு நாளைக்கு நான்கு ஊசி. முன்பெல்லாம் இன்னும் எத்தனை வாரம் பாக்கி என்று காலண்டரில் எண்ணுவேன். இப்போது ஒரு சாப்பாட்டிலிருந்து அடுத்த சாப்பாடு வரைக்கும்தான் என் காலம். உடம்பை அடக்க வேண்டிய ஒன்றாகவே இருபது வருடம் நினைத்திருந்தேன். அது சொல்வதை இப்போது நின்று கேட்கிறேன். ஜெபத்தை விடவில்லை; உபவாசத்தை விட்டுவிட்டேன்.

தாகமெடுத்தால் வாய்விட்டுச் சொல்கிறேன். உடனே அப்பா எழுந்து போய்த் தண்ணீர் கொண்டு வருகிறார். நான் குடித்து முடித்த பிறகும் சொம்பை வாங்கிக்கொண்டு அங்கேயே நிற்கிறார். விரலைக் குத்திப் பார்த்து எண்ணைச் சொன்னால்தான் போய் உட்காருகிறார்.