காசு என்று சொன்னேன்

யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி கொண்டுபோகத் தடை இருந்த காலம். அங்கேயிருந்து கொழும்புக்கு, வெள்ளவத்தைக்கு வந்த பிறகும் தீர்ந்த பற்றரியைக்கூட எறிய எனக்கு மனம் வராது. மேசையில் ஒரு தட்டில் போட்டு வைப்பேன்.

அதிலிருந்த, காசளவான வட்ட மணிக்கூட்டுப் பற்றரி ஒன்றை என் இரண்டு வயது மகள் விழுங்கிவிட்டாள். ஓட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினேன். சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் மறித்தான். தமிழர் வாயில் பற்றரி என்று வந்தால், குண்டு செய்யத்தான் என்று நினைப்பான். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், பிள்ளை காசு விழுங்கிவிட்டது என்றேன். விட்டான்.

ஆஸ்பத்திரியிலும் பொலிஸ் நின்றது. டொக்டரிடமும் அதே பொய்தான்.

"காசெண்டால் பயமில்லை அம்மா, இருங்கோ."

வெளியே நீள மர வாங்கிலே ஒரு மணித்தியாலம் இருந்தோம். பிள்ளையின் வாயிலிருந்து எச்சில் வடிந்துகொண்டே இருந்தது. எழும்பிப் போனேன்.

"டொக்டர், அது காசில்லை, பற்றரி. ஆனால் தீர்ந்தது."

"தீர்ந்ததும் தொண்டையை எரிக்கும்! ஏன் முதலே சொல்லேல்லை?"

பிள்ளையைப் பறித்துக்கொண்டு ஓடினார்.

பிழைத்துவிட்டாள். வளர்ந்தும்விட்டாள். இன்றைக்கும் ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் தண்ணீர் குடித்துத்தான் விழுங்குகிறாள். நான் பக்கத்திலே பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

அவளுக்கும் காசு என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.