மினிஸ்டருக்குப் போர்த்தின பொன்னாடை

ஆசையா ஒருத்தர் தாறதை வேண்டாமெண்டு திருப்பி அனுப்பிச் சம்பளம் எடுக்கிற வேலை என்ர வேலை. கிளென் ஈடனில ஒரு மினிஸ்டரின்ர தொகுதி ஒஃபிசில முன்மேசை எனக்கு. பெரிய ஆக்களுக்குப் போகவேண்டிய பேச்சையெல்லாம் முன்மேசையில இருந்து வாங்கிக் கட்டுற சனமே, என்ர பாடு உங்களுக்கு விளங்கும்.

சில நாடுகளில, தலைவர்மார் பிறநாட்டு அரசாங்கத்திட்ட இருந்து பரிசு வாங்கக்கூடாதெண்டு அரசியலமைப்பிலேயே எழுதிக் கிடக்காம். நியூசிலாந்தில அப்பிடி ஒற்றைப் புத்தகமா அரசியலமைப்பு இல்லை. ஆனா மினிஸ்டர்மாருக்கு விதி இருக்கு: வந்ததை அறிவிக்கோணும், பெறுமதியானதைத் திருப்பி அனுப்போணும், இல்லாட்டில் அரசாங்கத்திட்ட ஒப்படைக்கோணும்.

வெள்ளித் தட்டம்

ஒருநாள் ஏதோ ஒரு நாட்டுத் தூதரகத்தில இருந்து பெரிய பெட்டி வந்தது. கொண்டுவந்தவர் மனுரேவாவில இருக்கிற தமிழ்நாட்டுத் தம்பி, கூரியர் வேலை. திறந்து பாத்தால் வெள்ளித் தட்டம். நன்றி சொல்லித் திருப்பி அனுப்பக் கூரியரைக் கூப்பிட்டால், வந்து நிண்டதும் அதே தம்பிதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு சொன்னார்: "என்னக்கா இது, குடுக்குறவங்களும் சிரிக்கிறாங்க, வேணாங்கிறவங்களும் சிரிக்கிறாங்க, தூக்கிட்டு அலையறவனுக்குத்தான் இடுப்பு போகுது!"

பொங்கல் விழா

பிளாக்ஹவுஸ் பேயில ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில பொங்கல் விழா. எங்கட மினிஸ்டர் வெள்ளைக்காரி, நல்ல மனுசி. தமிழ்ச்சனம் பொன்னாடை போர்த்தினால் கடைசிவரை கழட்டமாட்டா, கழட்டினால் எங்கட மனம் நோகுமெண்டு. அண்டைக்கு மேடையில போர்த்தினவையில ஒருத்தர் நாங்கள் விட்டிட்டு வந்த நாட்டின்ர தூதரக அதிகாரி. இவவுக்கு ஆளைத் தெரியாது. அந்தச் சிவப்புப் பட்டுச் சால்வையைத் தோளில போட்டபடி, இங்க கோடையான தை மாத வெக்கையில, அந்த மனுசனுக்குப் பக்கத்தில நிண்டு சிரிச்சுப் படமும் எடுத்தா. அடுத்தநாள் படம் எல்லாற்ர போனிலயும்.

நான் விசயத்தைச் சொல்ல அவவின்ர முகம் செத்துப்போச்சு. உடன அறிவிச்சு, சால்வையையும் ஒப்படைச்சிட்டா. பிறகு இங்கிலிஷில என்னட்டச் சொன்னா: "அரசாங்கம் தந்ததா? உங்கட சனம் தந்ததெண்டு நினைச்சுத்தானே நான் கழட்டாமல் நிண்டனான்!"

பிலோமினா அக்கா

மன்னார் பிலோமினா அக்காவை எனக்குச் சேர்ச்சில பழக்கம். போர் முடியேக்க, "விசாரிச்சிட்டு விடுவம்" எண்டதை நம்பி, மகனைத் தன்ர கையால ஆமியிட்ட ஒப்படைச்சவ. இண்டைவரைக்கும் ஒரு தகவலும் இல்லை. அங்கத்தைய அரசாங்கத்திட்டக் கேட்டு எழுதுறனெண்டு மினிஸ்டர் சொல்லியிருந்தா. அதுக்காக மகனின்ர படத்தைத் தந்திட்டுப் போன அண்டைக்குத்தான் அக்கா சிரிச்சு நான் முதல்முதலாக் கண்டது.

பொங்கல் முடிஞ்சு அக்கா வந்தா. இருங்கோ எண்டன், இருக்கேல்லை. மகனின்ர படத்தைத் திருப்பித் தா எண்டா. "அக்கா, அவ தெரியாமல் போட்டவ. சட்டப்படி ஒப்படைச்சிட்டா. கடிதம் கட்டாயம் போகும்" எண்டு மண்டாடினன்.

"பக்கத்தில நிண்டு சிரிச்சவவின்ர கடிதத்தை அவை மதிப்பினமே? வேண்டாம் பிள்ளை" எண்டா.

படத்தை எடுத்துக் குடுக்கேக்க எனக்கு அழுகை வந்திட்டுது. மீசை அரும்பின பெடியன், கோயில் பெருநாளுக்குப் போட்ட சேட்டோட நிக்கிறான். அக்கா அதைக் கைப்பைக்குள்ள வைச்சுக்கொண்டு, கதவடியில நிண்டு கேட்டா: "வாங்கினதை வைச்சிருக்கக்கூடாதெண்டு இந்த நாட்டில சட்டமிருக்கு, ஓமே? என்ர பிள்ளையை வாங்கினவைக்கு அப்பிடி ஒரு சட்டம் இல்லையோ?"

மனம் நோகாமல் திருப்பி அனுப்புறதில நான் கெட்டிக்காரி எண்டு ஒஃபிசில நல்ல பேர். என்ன புண்ணியம், அண்டைக்கு நான் திருப்பி அனுப்பினது ஒரு தாயை.