கைதட்டல் நிற்கவே இல்லை

போன வருடத்துக்கு முந்தின வருடம், மார்ச் மாதம். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. புதுச்சேரி லாஸ்பேட்டையில் நான் படித்த கல்லூரியில் நாடக விழா. வகுப்புகள் முடிந்ததும் மதியம் தினமும் இரண்டு நாடகங்கள். அந்த நாட்களில் கேன்டீனில் ஒட்டுமீசையோடு ஒருத்தன் டீ குடித்துக்கொண்டிருப்பான். லைப்ரரி வாசலில் ஒரு பெண் தனியாக நின்று அழுது பழகிக்கொண்டிருப்பாள். யாருக்கும் பாடத்தில் மனம் இல்லை.

எங்கள் துறையில் ராஜா கதை எடுத்திருந்தோம். சீனியர் அண்ணன் ஒருவர் எழுதியது. ஊர்க் கிணறுகளில் எதிரிகள் விஷம் கலந்துவிட்டதாகப் பேச்சு கிளம்புகிறது. மக்கள் தண்ணீரைத் தொடவே பயப்படுகிறார்கள். அவர்கள் குடிப்பதற்கு முன் தானே குடித்துப் பார்க்கிறான் அரசன். விழுந்து சாகிறான். அவன் தலையை மடியில் போட்டுக்கொண்டு அரசி நீளமாகப் புலம்ப வேண்டும். அரசி நான். அரசன் என் வகுப்பு நண்பன். பாகூர் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பையன், பஸ் பிடித்து வந்து படிப்பவன்.

அரசி வேஷத்துக்கு என்னோடு இன்னொரு பெண்ணும் போட்டி போட்டாள். என்னைவிட நன்றாகவே பேசினாள். ஆனால் அவள் குரல் கொஞ்சம் கனம் என்று சொல்லி எனக்குக் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். வேறு துறைக்காரர்களிடம் போய், அவர்கள் போட்ட போலீஸ் கதையில் இன்ஸ்பெக்டர் வேஷம் வாங்கிக்கொண்டாள். எங்கள் நாடகம் போட்ட அன்று, அடுத்த நாடகம் அவர்களுடையதுதான்.

அப்பா தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறார். கல்லூரிக்குள் அவர் அதுவரை வந்ததே இல்லை. அன்று அரை நாள் லீவு போட்டு, வீட்டுக்குப் போய்க் குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து நடுவில் உட்கார்ந்திருந்தார். திரைச்சீலை இடுக்கு வழியாகப் பார்த்தேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சை எழுத வந்தவர் மாதிரி இருந்தார்.

நாடகம் நன்றாகவே போனது. அவன் செம்பைத் தூக்கிக் குடித்தான். ஒத்திகையில் முழங்கையை ஊன்றிப் பக்கவாட்டில் மெல்லச் சரிவான். அன்று அப்படிச் சரியவில்லை. நின்றது நின்றபடி முன்னால் விழுந்தான். மேடைப் பலகையில் தலை மோதிய சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும். கூட்டம் ஒரு கணம் மூச்சை அடக்கியது. பிறகு கைதட்டல்.

நானும் அசந்துதான் போனேன். என்னமாய் விழுகிறான் என்று நினைத்துக்கொண்டே ஓடிப்போய் அவனைப் புரட்டித் தலையை மடியில் எடுத்து வைத்தேன். ஒத்திகைகளில் அவன் செத்துக் கிடக்கும்போதுகூட வாயை மூட மாட்டான். "முதுகு அரிக்குது, சீக்கிரம் அழுது முடி" என்று முணுமுணுப்பான். சிரிப்பை அடக்க நான் படும் பாட்டைத்தான் பார்ப்பவர்கள் அழுகை என்று நினைப்பார்கள். அன்று அவன் ஒன்றும் சொல்லவில்லை. தொண்டையிலிருந்து குறட்டை மாதிரி ஒரு சத்தம் வந்தது. சற்று விட்டு இன்னொரு முறை வந்தது. அப்புறம் அதுவும் இல்லை. கண் பாதி திறந்திருந்தது. அது என்னைப் பார்க்கவில்லை.

என் வாய் முதல் இரண்டு வரியைத் தானாகவே சொல்லிவிட்டது. மூன்றாவது வரி வரவில்லை.

"டேய், என்னடா ஆச்சு? எழுந்திருடா!"

அரங்கத்தில் சிரிப்பு. அதுவரை செந்தமிழில் பேசிய அரசி திடீரென்று 'டேய்' என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? அவன் கன்னத்தைத் தட்டினேன். தலை துணி மூட்டை போல அந்தப் பக்கம் சாய்ந்தது.

"நெஜமாவே மயங்கிட்டான்! மூச்சு இல்ல! யாராவது வாங்களேன்!"

கைதட்டினார்கள். முன்பைவிடப் பலமாக. யாரோ விசில் அடித்தார்கள். திட்டப்படி மேடை விளக்கு சிவப்பாக மாறியது. திட்டப்படியே வயலின் அழத் தொடங்கியது. திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக்கொடுக்கும் தோழி, நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து, "அருந்திய நீரே... அருந்திய நீரேன்னு ஆரம்பிடி" என்று கிசுகிசுத்துக்கொண்டே இருந்தாள்.

நான் கத்தினேன். என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. கத்தக் கத்தக் கைதட்டல் கூடியது. அத்தனை பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவர்கூட எழுந்து வரவில்லை. பேய்க் கனவில் வாயைத் திறந்தால் குரல் வராதே, அப்படிக்கூட இல்லை. குரல் வந்தது. எல்லாருக்கும் கேட்டது. ரசித்தார்கள்.

அப்போது பக்கவாட்டிலிருந்து காக்கிச் சட்டையும் தொப்பியுமாக ஒருத்தி மேடைக்குள் ஓடி வந்தாள். அவள்தான். அரசவையில் இன்ஸ்பெக்டரைப் பார்த்ததும் கூட்டம் வெடித்துச் சிரித்தது. அவள் தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு, அவன் மூக்கருகே கன்னத்தை வைத்துப் பார்த்தாள். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"மடியிலருந்து எறக்கு அவன! தரையில நேரா படுக்க வை!"

அட்டையில் செய்து தங்கத்தாள் ஒட்டிய அவன் மார்க்கவசத்தைப் பிய்த்து வீசினாள். முதலுதவி கற்றவள் போல நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து அழுத்த ஆரம்பித்தாள். அழுத்திக்கொண்டே அரங்கத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"லைட்டப் போடுங்க! அந்தப் பாட்ட நிறுத்துங்க! ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க, இது நாடகம் இல்ல!"

கனமானது என்று ஒதுக்கப்பட்ட அந்தக் குரல் கூரையில் போய் மோதியது. வயலின் நின்றது. எல்லா விளக்குகளும் எரிந்தன. அப்போது விழுந்த அமைதியைப் போல ஒன்றை நான் வாழ்க்கையில் கேட்டதில்லை. கைதட்ட எடுத்த கைகள் சிலருக்கு அப்படியே நின்றிருந்தன.

"நான் ஓய்ஞ்சா நீ அழுத்தணும். பாத்துக்க, இப்படி. பயப்படாத, எலும்பு ஒடஞ்சா பரவால்ல" என்றாள். அவள் கை ஓய்ந்ததும் நான் அழுத்தினேன். கண்ணாடி வளையல்கள் உடைந்து என் மணிக்கட்டில் கீறின. அவள் எண்ணினாள், நான் அழுத்தினேன். நான் எண்ணினேன், அவள் அழுத்தினாள். ஆம்புலன்ஸ் வந்தது. வந்தவர்கள் அவன் நெஞ்சில் கருவியை ஒட்டி மின்சாரம் கொடுத்தார்கள். அவன் உடல் ஒரு முறை தூக்கிப் போட்டது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் திருப்பிக்கொள்ளவில்லை.

"துடிப்பு வந்துருச்சு" என்று யாரோ சொன்னார்கள்.

கதிர்காமத்து ஆஸ்பத்திரி வராந்தாவில், பட்டுப்புடவையும் கில்ட் நகையுமாக நானும், இன்ஸ்பெக்டராக அவளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். போவோர் வருவோர் எல்லாம் அவளைப் பார்த்து ஒதுங்கிப் போனார்கள். அது நடிப்பு இல்லை என்று எப்படித் தெரிந்தது உனக்கு என்று கேட்டேன்.

"ஒன் டயலாக் மொத்தமும் எனக்கு மனப்பாடம். நீ கத்துனது அதுல இல்ல" என்றாள். அவ்வளவுதான். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

அப்பா வந்து சேர்ந்தார். என்னைத் தேற்றுவார் என்று எழுந்து நின்றேன். அவர் என் கீறல் விழுந்த கையைப் பிடித்துக்கொண்டு தேம்பி அழ ஆரம்பித்துவிட்டார்.

"பாப்பா... நீ கத்துனப்ப நானும் கைதட்டுனேன் பாப்பா. பக்கத்துல இருந்தவருகிட்ட, எம்பொண்ணுதான்னு சொன்னேன்."

இருபது வருடம் என் அழுகையைக் கேட்டு வளர்த்தவர். விளையாட்டு அழுகை எது, வலிக்கிற அழுகை எது என்று அடுத்த அறையிலிருந்தே சொல்லிவிடுவார். அவருக்கே தெரியவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அன்று நான் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன் என்பதுதான் என்னை நடுங்க வைத்தது.

நண்பன் பிழைத்தான். பிறந்ததிலிருந்தே இதயத் துடிப்பில் ஒரு கோளாறு இருந்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. நெஞ்சுக்குள் ஒரு சின்னக் கருவி வைத்துவிட்டார்கள். கண் விழித்த பிறகு, கிணற்றுக் காட்சி வரைக்கும்தான் ஞாபகம் இருக்கிறது என்றான். எல்லாரும் கைதட்டினார்களா என்று கேட்டான். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். சந்தோஷமாகச் சிரித்தான்.

இப்போது பஸ் ஸ்டாண்டிலோ தெருவிலோ யாராவது சத்தம் போட்டு, சுற்றி நிற்பவர்கள் வேடிக்கை பார்த்தால், என்னால் கடந்து போக முடிவதில்லை, கிட்டே போய், "என்னங்க ஆச்சு?" என்று கேட்டுவிடுகிறேன். பல நேரம் ஒன்றும் இருக்காது, திட்டு வாங்கிக்கொண்டு திரும்புவேன். ஆனால் நிஜமாகக் கத்துகிறவர் முன்னால் ஒருவராவது எழுந்து வர வேண்டும் என்பதை, அத்தனை கைதட்டலுக்கு நடுவே மேடையில் உட்கார்ந்திருந்த எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.