தட்டியதை நடுவர் பார்க்கவில்லை

போன சனிக்கிழமை என்னையும் துசியந்தியையும் ஜிம்மை விட்டு வெளியே அனுப்பிவிட்டார்கள்.

சிரிக்காதீர்கள். ஐ.டி. வேலையில் இருக்கிற, நாற்பதைத் தாண்டிய ஒரு திருச்சிக்காரிக்கு பாரிஸில் சண்டை ஜிம்மில் என்ன வேலை என்றுதானே கேட்கிறீர்கள்? முதுகுவலி. ஒரு நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பாருங்கள், புரியும். லா ஷப்பல் மெட்ரோவுக்குப் பக்கத்தில், ஒரு துணிக்கடைக்குக் கீழே இருக்கிறது அந்த ஜிம். குத்து, உதை எல்லாம் எனக்கு வேண்டாம், கட்டிப் புரண்டு பிடி போடுகிற கிராப்ளிங் மட்டும் போதும் என்று சேர்ந்தேன்.

அங்கே என்னைத் தவிர இருந்த ஒரே தமிழ்ப் பெண் துசியந்தி. யாழ்ப்பாணத்துக்காரி. லூயி-பிளாங் தெருவில் போன் கடை வைத்திருக்கிறாள். என்னைக் கீழே தள்ளி, மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு, "நொந்திட்டுதே அக்கா?" என்று அன்பாக விசாரிப்பாள்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் வால்தெசீர். பிரேசில்காரர். நாங்கள் இருவரும் 'மாஸ்டர்' என்று கூப்பிடுவோம். அது தன் செல்லப் பெயர் என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

இருபது வயதில் அவர் பிரேசிலில் கிராப்ளிங் சாம்பியன். அப்புறம் கம்பி வலைக்குள் குத்து, உதை, பிடி எல்லாம் கலந்து போடுகிற கூண்டுச் சண்டைக்குப் போனார். ஜப்பான், அமெரிக்கா என்று பெரிய பெரிய அரங்குகள். எதிராளியின் முழங்கையைத் தன் இடுப்பின் மேல் வைத்து எதிர்ப்பக்கமாக வளைக்கிற ஒரு பிடி... அதற்காகவே அவரைப் பார்க்கக் கூட்டம் வந்த காலம் ஒன்று இருந்ததாம். பிறகு எல்லோரும் அந்தப் பிடியைக் கற்றுக்கொண்டார்கள், அதிலிருந்து தப்பிக்கவும் கற்றுக்கொண்டார்கள். இவர் குத்து வாங்க ஆரம்பித்தார். அரங்குகள் சின்னதாகிக்கொண்டே வந்தன. கடைசியில் இந்தத் துணிக்கடையின் கீழ்த்தளம்.

போன வருடம் அவரை மறுபடியும் சண்டைக்குக் கூப்பிட்டார்கள். பாரிஸை ஒட்டிய சென் தெனியில் ஒரு ஹால். எதிராளி கெவின் என்ற உள்ளூர்ப் பையன். இருபத்து மூன்று வயது, இன்னும் ஒரு தோல்வி கூட இல்லை. வளர்கிற பையன் அடித்து வீழ்த்துவதற்கு ஒரு பழைய பெரிய பெயர் வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. தோற்பதற்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்பது அவருக்கும் தெரியும்.

"பிறகேன் மாஸ்டர் போறியள்?" துசியந்தி இதை பிரெஞ்சில்தான் கேட்டாள், ஆனால் என் காதில் இப்படித்தான் விழுந்தது.

"கூப்பிட்டார்களே," என்றார். "ரொம்ப நாளாக யாரும் கூப்பிடவில்லை."



நாங்கள் இருவரும் போனோம். கூண்டுக்குப் பக்கத்திலேயே எங்களுக்கு இடம். முதல் ரவுண்டு முழுக்க மாஸ்டர் அடி வாங்கினார். ஒவ்வொரு அடிக்கும் ஹால் கத்தியது. எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது. இரண்டாவது ரவுண்டில் கெவின் அவரைக் கீழே தள்ளி மேலே விழுந்தான். அதுதான் அவன் செய்த தப்பு. கண் மூடித் திறப்பதற்குள் அவனுடைய வலது கை மாஸ்டரிடம் சிக்கியிருந்தது. அதே பழைய பிடி. முழங்கை வளைந்தது. துசியந்தி என் தொடையில் நகம் பதியப் பிடித்தாள்.

கெவின் இடது கையால் மாஸ்டரின் தொடையில் தட்டினான்.

தட்டினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். இந்த ஆட்டத்தில் முதல் நாளே சொல்லித்தருவது அதைத்தான். தட்டியவனை உடனே விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் எலும்பு போய்விடும். மாஸ்டர் விட்டார். விட்டுவிட்டு, அவனைத் தூக்கிவிட எழுந்து கையை நீட்டினார்.

நடுவர் எங்களுக்கு எதிர்ப்பக்கம் மண்டியிட்டிருந்தார். அவர் எதையும் பார்க்கவில்லை. ஆட்டத்தை நிறுத்தவும் இல்லை.

கெவின் நடுவரைப் பார்த்தான். மாஸ்டரைப் பார்த்தான். ஒரு நொடி யோசித்தான்... நீட்டிய கையைத் தாண்டி முகத்தில் குத்தினான். மாஸ்டர் விழுந்த பிறகும் குத்தினான்.

ஹால் எழுந்து நின்று கைதட்டியது.

மாஸ்டர் சார்பில் முறையீடு செய்தார்கள். நடுவர் நிறுத்தவில்லை, ஆகவே தட்டவில்லை என்று பதில் வந்தது. டி.வி. கேமராவில் மாஸ்டரின் முதுகுதான் தெரிந்தது. துசியந்தி போனில் எடுத்துக்கொண்டுதான் இருந்தாள். சரியாக அந்த நேரத்தில் சந்தோஷத்தில் துள்ளி எழுந்திருக்கிறாள். அவள் வீடியோவில் ஹாலின் கூரை நன்றாகத் தெரிகிறது. நாங்கள் இரண்டு பேர் கண்ணால் பார்த்தோம். அதனால் என்ன? பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லையே!

அந்த அடியில் மாஸ்டரின் இடது கண் மங்கிப்போனது. இனிமேல் சண்டை கூடாது என்றார் டாக்டர். ஜிம் முதலாளி மிஷேல், இன்ஷூரன்ஸ், பொறுப்பு என்று ஏதேதோ சொல்லி, மரியாதையாகக் கைகுலுக்கி அனுப்பிவைத்தார். புதிதாக ஒரு கோச் வந்தார். வகுப்பு தொடர்ந்தது. நாங்களும் தொடர்ந்தோம்.

போன சனிக்கிழமை ஜிம்மில் சிறப்பு வகுப்பு. நடத்த வந்தவன் யார் என்கிறீர்கள்? கெவின். இப்போது பெரிய ஸ்டார். ஜிம் நிரம்பி வழிந்தது. முழங்கையை வளைக்கிற பிடியைக் காட்டுகிறேன், யாராவது வாருங்கள் என்றான். துசியந்தி போய்ப் படுத்தாள். கையைக் கொடுத்தாள். அப்புறம், எல்லோருக்கும் கேட்கும்படி பிரெஞ்சில் கேட்டாள்:

"நான் தட்டினால் விட்டுவிடுவாயா?"

"கண்டிப்பாக, மதாம்."

"வால்தெசீர் உன்னை விட்ட மாதிரியா?"

கெவினின் காதெல்லாம் சிவந்தது. அவள் கையை மெதுவாகக் கீழே வைத்தான். மிஷேல் ஓடிவந்தார். எங்கள் இருவரையும் உடனே வெளியே போகச் சொன்னார். நான் என்னுடைய பையையும் அவளுடைய பையையும் எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே படியேறினேன். எங்களோடு வேறு யாரும் வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது செல்ஃபிக்கு வரிசை ஆரம்பித்திருந்தது.

அடுத்த நாளே பாரிஸ் புறநகரில் இருக்கிற ஆர்ஜொந்தெய்க்குப் போனோம். மாஸ்டர் அங்கே ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றுகிறார். ஞாயிறு என்பதால் வீட்டில் இருந்தார். காபி போட்டுக் கொடுத்தார். ஊற்றும்போது கொஞ்சம் கோப்பைக்கு வெளியே போனது. துசியந்தி நடந்ததைக் கைகாலெல்லாம் ஆட்டிச் சொன்னாள். சிரிப்பார், குறைந்தபட்சம் எங்கள் தோளிலாவது தட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அவன் என்ன சொன்னான்?" என்று மட்டும் கேட்டார்.

"ஒன்றும் சொல்லவில்லை."

சிந்திய காபியைத் துடைத்துக்கொண்டே, "நானும் அந்த டி.வி. வீடியோவை நிறைய தடவை பார்த்துவிட்டேன்," என்றார். "ஒருவேளை அவன் தட்டவில்லையோ என்னவோ. வியர்வையில் கை வழுக்கியிருக்கலாம். ஜெயித்துவிட வேண்டும் என்ற ஆசையில் நானாக அப்படி நினைத்திருப்பேன்."

"விசர்க்கதை கதையாதேங்கோ மாஸ்டர்! நான் என்ரை கண்ணாலை கண்டனான்!" துசியந்திக்கு வந்த ஆத்திரத்தில் பிரெஞ்சு மறந்துபோனது.

பைத்தியக்காரப் பேச்சு பேசாதீர்கள், தன் கண்ணால் பார்த்தாளாம் என்று நான் மொழிபெயர்த்தேன். அவர் தலையாட்டினார்.

"நீங்கள் என்னுடைய ஆட்கள். உங்களுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும்."

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் கூடப் பரவாயில்லை. எங்களைத் தேற்றுகிற மாதிரி சொன்னார்.

பாரிஸின் சென் லஸார் ஸ்டேஷனுக்குத் திரும்பும் ரயிலில் துசியந்தி தன் போனில் அந்தக் கூரை வீடியோவை மறுபடியும் போட்டுப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்:

"அக்கா... அவன் உண்மையா தட்டினவன்தானே?"

"தட்டினான்," என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. எதிர் சீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

கெவினின் அடுத்த சண்டைக்கு டிக்கெட் எல்லாம் தீர்ந்துவிட்டதாம்.