நெருப்பில் உறைந்த ஐஸ்

ராணி, உனக்கு ஐஸ் கொடுத்தாரே, அந்த டிரைவர் நேற்று என் கனவில் வந்தார்.

அன்றைக்கு உத்திரமேரூர் ஏரிக்கரையில், வெள்ளைக்காரர்கள் ஊர் சுற்ற வந்த, உள்ளேயே படுக்கையும் அடுப்பும் வைத்த வீடு மாதிரியான வண்டியை நிறுத்தி, ஒரு சக்கரத்தின் கீழே பலகை வைத்துக்கொண்டிருந்தார். வண்டிக்குப் பூஜை என்று நினைத்து, காய்ச்சலோடு நீ எலுமிச்சம்பழம் கொண்டுபோய் நீட்டினாய்.

சிரித்தார். பல்லெல்லாம் வெற்றிலைக் காவி. “பூஜ இல்ல கண்ணு. உள்ள ஐஸ் பொட்டி கீது. அடியில கேஸ் எரியுது. வண்டி சாஞ்சிக்கினு நின்னா ஐஸ் புடிக்காது.”

“நெருப்பு வெச்சி ஐஸா? இன்னா டிரைவரே, புளுவுறியா?” என்றாய்.

பழத்தை வாங்கும்போது உன் கை சுட்டது போலிருக்கிறது, சிரிப்பை நிறுத்திவிட்டார். பெட்டிமேல் தம்ளரில் தண்ணீர் வைத்து, அது சமமாக நிற்கும்வரை பலகையைத் தட்டித் தட்டி நகர்த்தினார்.

கோயில் பார்த்து வந்த வெள்ளைக்காரர்கள் கிளம்பச் சொன்னார்கள். டிரைவர் எஞ்சின் கெட்டுவிட்டதுபோல அதைக் காட்டிக் கையை விரித்தார். பிறகு உன் பக்கம் குனிந்து, “எஞ்சின் நல்லாத்தான் கீது, சொல்லிடாத” என்றார். ஐஸ் உறைவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அதை அவர் உன் நெற்றியில் வைத்ததும் நீ கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாய்.

காய்ச்சல் விடவில்லை. நீ போய்விட்டாய். யாரோ பெற்ற பிள்ளைக்காக அவர் ஏன் பொய் சொன்னார் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் எல்லோரும் என் தங்கை ராணிக்காக ஒரு நிமிஷம் சாமியை வேண்டிக்கொள்ளுங்கள்.