இடது கண்ணின் வேலை

கண்ணடித்தானாம்! யாரைப் பார்த்து? எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போடும் மருமகளைப் பார்த்துத்தானாம். சொன்னவள் அந்த மருமகளின் மாமியார். கேட்டுத் தலையாட்டியது தெரு முழுக்க. ஒருத்தியாவது படியேறி வந்து, அவன் சன்னலோரம் உட்கார்ந்து என்னதான் செய்கிறான் என்று எட்டிப் பார்த்தாளா?

அவன் ஓர் அச்சகத்துக்காகப் புத்தகங்களைத் தட்டச்சு செய்து, பக்கம் பக்கமாக அமைத்துக் கொடுக்கிறவன். நரம்பு நோயில் இரண்டு கையும் துவண்டு போயின. கீபோர்டில் ஒரு விரலை ஊன்றக்கூட வலுவில்லை. அதற்காக வேலையை விட்டானா? கம்ப்யூட்டர் தலையில் ஒரு கேமரா. முகத்தை அவன் திருப்பினால் அது பார்த்துத் திரையில் அம்பை நகர்த்தும். எழுத்தெல்லாம் திரையிலேயே வரிசை கட்டி நிற்கும். வேண்டிய எழுத்தின்மேல் அம்பை நிறுத்தி இடது கண்ணைச் சிமிட்டினால் பதிந்துவிடும். ஒரு பக்கம் முடிக்க எத்தனை சிமிட்டல்! அத்தனையும் அந்தப் பெண்ணுக்குத்தான் என்றால், அவள் ஈரத்துணியோடு மாடியிலேயே குடியிருந்திருக்க வேண்டும்.

அக்கா வீட்டு மாடியறையில்தான் இருந்தான். சாப்பாடு ஊட்ட, சட்டை மாட்ட அக்கா வருவாள். வேலை முடிந்த கையோடு இறங்கிவிடுவாள். மற்றபடி நாளெல்லாம் அவன் முகத்தைப் பார்த்தது அந்தக் கேமரா மட்டும்தான்.

பேச்சு அத்தான் காதுக்கு எட்டியது. ஏறி வந்து சன்னலைச் சாத்தினார். வெளிச்சம் இல்லாவிட்டால் கேமராவுக்கு முகம் தெரியாது என்று இவன் சொல்லிப் பார்த்தான். விளக்கைப் போட்டுக்கொள் என்றார். விளக்கு போட்டால் பாதி முகத்தில் நிழல். அம்பு கண்டபடி ஓடியது. பக்கங்கள் தேங்கின. வேறு ஆள் பார்க்கட்டுமா என்று அச்சக முதலாளி கேட்டே விட்டார்.

"அக்கா, நீயாவது ஒரு தடவ பக்கத்துல நின்னு பாரேன்."

"நான் பாத்து என்னடா ஆகப்போகுது? தெருவுல தலகாட்ட முடியல."

அதுதான் அவனைச் சுட்டது. அந்த மங்கல் வெளிச்சத்திலேயே மதியம் முழுக்கச் சிமிட்டிச் சிமிட்டி முதலாளிக்குச் செய்தி அனுப்பினான்: அச்சகத்தில் கண்ணாடிக் கதவோரம் ஒரு மேசை போதும், பின்னால் காகித அறையில் படுத்துக்கொள்கிறேன். வா, சாப்பாடு ஊட்ட இங்கே ஆள் இருக்கிறது என்றார் அவர்.

மறுநாள் காலையில் அச்சகத்து ஆள் கம்ப்யூட்டரை வண்டியில் ஏற்றினார். அக்கா சட்டையை மாட்டிப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அங்க யாருடா உனக்குப் பொத்தான் போடுவா?"

"பொத்தான் இல்லாத சட்டையும் விக்கிறாங்கக்கா."

அவள் கை பாதியில் நின்றது. மிச்சப் பொத்தானையும் போடட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திறந்த கழுத்தோடு படியிறங்கி, தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான்.